ஏழில் நின்ற குமிழ்

கம்பவுண்டர் கிளினிக் ஃப்ரிட்ஜைத் திறந்து, பின்சுவரோடு ஒட்டியிருந்த மருந்துப் பெட்டியை இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்ததும் பனியிலிருந்து 'சரக்'கென்று பிய்ந்து வந்தது. இருபது வருடமாக ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற எனக்கு அந்தச் சத்தமே போதும்.

"அதை எனக்குப் போடாதீங்க."

"ஊசின்னா பயமா அண்ணே?"

இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தையோடு நின்ற என் மனைவி சிரித்தாள். "பதினோரு நாள் ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸோட கிடந்தவருக்கு இப்பதான் பயம் வருதாம்."

நிமோனியா விட்டு ஆறு வாரமாகிறது. இன்னமும் மாடிப்படியில் பாதியில் நின்றுதான் ஏறுகிறேன். இன்னொரு முறை வந்தால் நுரையீரல் தாங்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நிமோனியா தடுப்பூசிக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அதனாலேயே கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"பெட்டிக்குள்ள இருக்கிற சீட்டைப் படிச்சீங்களா? ரெண்டு டிகிரியிலேர்ந்து எட்டு வரைக்கும் வைக்கணும், உறையக் கூடாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கான்!"

"சில்லுனு இருந்தா நல்லதுதானே?"

எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஆனாலும் விளக்காமல் இருக்க முடியாது, அது என் சுபாவம். இந்த மருந்து, கண்ணுக்குத் தெரியாத அலுமினிய உப்புத் துகள்களில் ஒட்டிக்கொண்டு நீரில் மிதக்கிறது. நீர் உறையும்போது பனிப் படிகங்கள் அந்தத் துகள்களை ஓரங்கட்டி நெருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு உருக்கினாலும் பிரியாது. திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியுமா?

சொல்லியும் கம்பவுண்டர் நம்பவில்லை. முன்தட்டில், பனி எட்டாத இடத்திலிருந்து ஒரு குப்பியை எடுத்தேன். பின்னாலிருந்து பிய்ந்து வந்த பெட்டியில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்து உருக்கினேன். இரண்டையும் நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தேன்.

"பாருங்க."

கால் மணி நேரம் போனது. முன்தட்டுக் குப்பி அப்படியே கலங்கலாக இருந்தது. மற்றதில் வெள்ளைத் துகள்கள் அடியில் இறங்கிவிட்டன, மேலே தெளிந்த தண்ணீர்.

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"போன வாரம் பாப்பாவுக்கு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். "பின்னாடியிலேர்ந்துதான்."

"அவ கத்தக் கத்தக் காலை அமுக்கிப் பிடிச்சிருந்தேனே! அத்தனையும் தண்டமா?"

குழந்தை எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. நான் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டேன். குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஏழில் நின்றது. ஏழுதான் கடைசி எண்.

"எந்த மடையன் இதை ஏழுல வெச்சது?"

"நீங்கதான் அண்ணே," என்றார் கம்பவுண்டர். "காய்ச்சல்ல படுக்கிறதுக்கு முந்தி வந்தீங்களே. கூலிங் பத்தலைன்னு நான் சொன்னேன். ஏழுக்குத் திருப்பி வெச்சுட்டுப் போனீங்க."

ஆமாம். கூலிங் பத்தலை என்று எந்த வீட்டில் சொன்னாலும் செய்வதைத்தான் இங்கேயும் செய்திருந்தேன். உள்ளே இருப்பது மோரா மருந்தா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை நேரம் அவர்மேல் இருந்த கோபம் மொத்தமும் என்மேல் திரும்பியது.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். குப்பிகளைப் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"இதனால ஆபத்து இல்ல. பலன் கிடைக்காம போகலாம், அவ்வளவுதான். வேற இடத்திலேர்ந்து வரவழைச்சு உங்க குழந்தைக்கு நானே போட்டுடறேன். விஷயம் இதோட இருக்கட்டும்."

"மத்தவங்க?" என்றேன்.

"எழுபது பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கா சொன்னா கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். குமிழைத் திருப்பினது நீங்கன்னும் தெரிஞ்சுடும். அப்புறம் உங்களை யார் வேலைக்குக் கூப்பிடுவா?"

"எழுபது வீட்டுல பாதுகாப்பா இருக்கோம்னு நம்பிக்கிட்டு இருக்காங்கம்மா! அதுல ஒரு குழந்தை, நான் கிடந்த மாதிரி மூச்சுக்குத் திணறினா?" அதற்குமேல் இருமல் என்னைப் பேச விடவில்லை.

மனைவி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "ஊசி போட்டவங்க ஃபோன் நம்பர் எழுதின நோட்டைக் கொடுங்க டாக்டர். இல்லேன்னா வாசல்ல நின்னு வர்றவங்ககிட்ட எல்லாம் நானே சொல்லுவேன்."

டாக்டரம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, முதல் எண்ணைத் தானே அழுத்தி, என்ன நடந்தது, ஏன் மறுபடி ஊசி போட வேண்டும் என்று சொன்னார். எதிர்முனையில் ஒரு பெண், "யார் பண்ண வேலை இது?" என்று கத்துவது அறை முழுக்கக் கேட்டது.

ஃபோனைக் கேட்டு வாங்கினேன்.

"நான்தாம்மா. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பேசறேன்."

திட்டத் தொடங்கினாள். அவள் ஓயும்வரை காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு அடுத்த எண்ணைக் கேட்டேன்.