பெஞ்சிலிருந்து பிந்தி வந்த பாட்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் நவநீதன் ஐந்தரை மணிக்கு எழுந்து, பால் காய்ச்சி, நின்றபடியே காபி குடித்து, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் ஆம்பூர் ரயில்வே லைனைத் தாண்டி சர்ச்சுக்குப் போய், ஆர்கனை மூடிய துணியை மடித்து வைத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன் சபை பாடிய பாட்டுக்கு வாசிப்பான். அந்த சர்ச்சில் அப்படித்தான். பெஞ்சுகளில் நிற்பவர்கள் வாயைத் திறந்து பாடுவார்கள், சத்தம் வராது. அவன் வாசிக்க வாசிக்க, முன்பு எப்போதோ பாடியது வந்து சேரும். போதகர் மைக்கில் பேசுவது மட்டும் உடனுக்குடன் கேட்டதால் பிரசங்கத்திலிருந்து யாருக்கும் விடுதலை கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் மரியாதை. ஷூ கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்த நவநீதன், ஆர்கன் வாசிக்கச் சேர்ந்த புதிதில், பழைய ஞானப்பாட்டு ராகங்களை நான்கு குரலுக்குப் பிரித்து எழுதி, ஒவ்வொரு வரி முடிவிலும் நாலைந்து சுரங்களைக் கூடுதலாக ஓடவிட்டான். அவன் முடிக்கட்டும் என்று சபை காத்திருந்தது. சபை ஆரம்பிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான். முதலில் அரை வரி பிந்தியது, பிறகு ஒரு பாட்டு, பிறகு ஒரு பண்டிகை. தவக்காலத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டபோது, பக்கத்துத் தோல் மண்டி மஹபூப் பாஷா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். “இன்னா நவநீதன், இந்த வெயில்ல கிறிஸ்துமஸ்ஸா? கேக் எங்கப்பா?”

வேறு வழியில்லாமல் நவநீதன் இரண்டு ராகங்களையும் சேர்த்தே எழுதப் பழகினான். விரல்களில் இன்றைய பாட்டு, கால் பெடலில் வந்து சேரும் பழைய பாட்டு. ஞாயிறு மாலைகளில் அவனுக்கு முதுகு வலித்தது. யாரும் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

அவன் மனைவி ஹெப்சி ஆர்கனுக்குப் பின்னால் முதல் பெஞ்சில் நின்று இரண்டாம் குரல் பாடுபவள். ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் காய்ச்சலோடு வந்தாள். கடைசிப் பாட்டு முடிந்ததும் அவன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, பெஞ்சிலிருந்து வரும் எல்லாவற்றையும் போல அதுவும் கேட்கவில்லை. இன்னா என்று அவன் கையால் கேட்பதற்குள் சரிந்துவிட்டாள். அங்கிருந்து நேராக வேலூர், தொண்டையில் குழாய், மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. நடுவில் அவள் பேசவில்லை. அதனால் அவள் கடைசியாகச் சொன்னது இன்னும் வழியில்தான் இருந்தது. அது வரவேண்டும் என்று நவநீதன் காத்திருந்தான். வந்துவிட்டால் பிறகு வருவதற்கு ஒன்றும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

மறு வருடம் மே மாதத்தில் சபைச் செயலாளர் இருதயராஜின் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில், முந்தின கோடையில் வேறு யாருக்கோ பாடிய அடக்க ஆராதனைப் பாட்டு வந்து சேர்ந்தது. மறுநாளே கமிட்டி கூடியது.

“சம்பந்தி வீடு வாணியம்பாடி. இன்னா நெனச்சிருப்பாங்க தம்பி?”

“போன வருஷம் நீங்க பாடினதுதாண்ணே. உங்க குரல்தான் ஜாஸ்தியா கேட்டுது.”

“பேஜார் பண்ணாத. வரி முடிவுல சுத்துறத எல்லாம் எடுத்துட்டு நேரா வாசி. பாக்கியெல்லாம் தானா வந்து தீரும்.”

நவநீதன் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், வரி முடிவுகளை இரண்டு மடங்கு நீளமாக எழுதினான். ஆகஸ்ட் நெருங்கியபோது நான்கு மடங்கு. ஆராதனை மதியம் தாண்டியது. பிரியாணிக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். கடைசியில், ஹெப்சியின் கடைசி ஞாயிறு வந்து சேர்ந்து, அதன் கடைசிப் பாட்டின் கடைசி வரியில் நின்றது. ஒரு மாதமாக அந்த ஒரே வரிதான். வாரத்துக்கு ஒன்றிரண்டு சொல்.

அந்த வரியை அவளோடு ஒரே பெஞ்சில் நின்று பாடிய ஜோதிதான் எழுந்து ஆர்கன் பக்கம் வந்தாள். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு திட்டினாள், வேறெப்படியும் கேட்காது.

“நவநீதண்ணே, உனக்குக் காது இருக்குதா இல்லியா? அவளுக்கு மூச்சு வாங்குது. காய்ச்சலோட பாவம் எத்தினி வாரமா நிக்கிறா! நீ ஜோரா இழுத்துனே இருக்கிற. உக்கார வெய்யிண்ணே அவள!”

நவநீதன் எரிச்சலோடு திரும்பினான். பிறகு கேட்டான். எல்லாக் குரல்களுக்கும் அடியில் இரண்டாம் குரல் கரகரத்து, நடுநடுவே காற்றாக மட்டும் வந்துகொண்டிருந்தது. நெடு நாளாக அப்படித்தான் வந்திருக்க வேண்டும். அவன் தன் சுரங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

தாளைக் கவிழ்த்து வைத்தான். மிச்ச வரியை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல நேராக, ஒரு சுரமும் கூட்டாமல் வாசித்தான். சபை ஒரே மூச்சில் வந்து ஆமென் சொல்லி முடித்தது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இருதயராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டுப் புத்தகங்கள் மூடும் சத்தம் வந்தது. பிறகு முதல் பெஞ்சிலிருந்து, அவன் தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் மூச்சிரைப்போடு, கொஞ்சம் சலிப்போடு, ஹெப்சி சொன்னாள்:

“மாவ வெளியவே வெச்சிட்டு வந்துட்டேங்க, பொங்கி ஊத்திக்கும். சீக்கிரம் முடிங்க.”