மாப்பிள்ளையின் வண்ணக் குழாய்கள்

ஐஸ் தொழிற்சாலை முதலாளிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மின்பொறியியல் படித்து, பல இடங்களில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் புதுக் கட்டடத்துக்கு மின்சார வேலையைக் கவனிக்க வந்தவள். இளையவளின் கணவருக்கும் மின்சாரத்துக்கும் இருந்த உறவு, சுவிட்சைப் போடுவதோடு முடிந்துவிடும். ஆனால் அவர் மாப்பிள்ளை. அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. ஆகவே கட்டட வேலைக்கு அவரே தலைவர்.

வாசலில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கியது. அதிலிருந்து சுவிட்ச் அறைவரை கேபிள் இழுக்க வேண்டும். மூத்தவள் கணக்குப் போட்டு, மின்சாரம் வரும் மூன்று பேஸில் ஒவ்வொன்றுக்கும் நான்கு கேபிள், திரும்பிப் போகும் நியூட்ரலுக்கும் நான்கு என்றாள்.

“மூணு பத்தாதா, அண்ணி?”

“ஆயிரத்து நானூறு ஆம்பியர், மாப்பிள்ளை. குழாய்க்குள்ள நெருக்கியடிச்சுக் கிடந்தா ஒண்ணோட சூட்டுல இன்னொண்ணு வேகும். நாலு வேணும்.”

மாப்பிள்ளை பெரிய மனது பண்ணி நான்கை அனுமதித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்கு இரும்புக் குழாய்களை வரவழைத்து சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று வண்ணம் அடித்தார். சிவப்பு பேஸ் கேபிள்கள் நான்கும் சிவப்புக் குழாயில், மஞ்சள் மஞ்சளில், நீலம் நீலத்தில், கறுப்பு நியூட்ரல் கறுப்பில் என்று உத்தரவும் போட்டார்.

“பாக்கறவங்களுக்குப் பளிச்சுன்னு புரியணும், அண்ணி.”

“மூணு பேஸும் ஒரே குழாயில சேர்ந்து போகணும். அப்பதான் ஒண்ணோட காந்தத்தை மத்தது அமுக்கும். ஒரே பேஸை இரும்புக்குள்ள தனியா விட்டா இரும்பே அடுப்பாயிடும்.”

“கேபிளுக்கு மேலதான் உறை இருக்கே. கரண்ட் எப்படி குழாயைத் தொடும்?”

“தொடவே வேணாம், கரண்டோட காந்தம் உறையைத் தாண்டிப் போகும். அதான் பிரச்சனை.”

வழக்கு அப்பாவிடம் போனது. அவர் நாற்பது வயது மகளைப் பார்த்து, “பாப்பா, மாப்பிள்ளை ஆசைப்படறார். நீ கொஞ்சம் விட்டுக் குடு” என்றார்.

காந்தமும் விட்டுக்கொடுக்குமா என்று அவள் கேட்கவில்லை. “ஐஸ் போடறதுக்கு முன்னாடி முழு லோடுல ஒரு சோதனை. சுவிட்ச் என் கையில இருக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

சோதனையன்று மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வந்தார். குழாய்கள் சுவரேறும் இடத்தில், சிவப்பின்மேல் ஒயிலாகச் சாய்ந்து மாமனாருக்கு விளக்கம் கொடுத்தார். கம்ப்ரஸர்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. விளக்கம் பாதியில் இருக்கும்போதே அவர் சட்டென்று நிமிர்ந்தார். சிவப்புப் பெயிண்ட் கொப்புளம் விட்டது. பின்னாலேயே மஞ்சளும் நீலமும்.

“என்ன வாடை?” என்றார் மாமனார்.

“புதுப் பெயிண்ட், மாமா. காயுது.”

மாமனார் விரலை வைத்துப் பார்த்தார். கையை உதறிய வேகத்தில் கடிகாரம் கழன்று போய் விழுந்தது. மூத்தவள் சுவிட்சை இறக்கினாள். ஜெயித்த சந்தோஷம் எதுவும் அவளுக்கு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கேபிள்களின் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்பது அங்கே அவளுக்குத்தான் தெரியும்.

கேபிள் அத்தனையும் உருவப்பட்டு, குழாய்க்கு ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு நீலம், ஒரு கறுப்பு என்று மறுபடி இழுக்கப்பட்டது. இந்த முறை முழு லோடிலும் குழாய்கள் சாதுவாக இருந்தன.

“குழாய் சூடாகுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சதே எங்க மாப்பிள்ளைதான்” என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பொய்யில்லை. முதுகால் கண்டுபிடித்தார்.

“இனிமே கரண்ட் போற எதுவும் என் பொறுப்பு, அப்பா” என்றாள் மூத்தவள். விரலில் மருந்து தடவிக்கொண்டிருந்த அப்பா தலையாட்டினார். மாப்பிள்ளைக்குத் தோட்டம் ஒதுக்கப்பட்டது.

சில நாள் கழித்து அவர் அவளுடைய அறை வாசலில் வந்து நின்றார்.

“அண்ணி, தோட்டத்துல ஒரு நீரூற்று வைக்கலாம்னு. இன்னும் எதுவும் வாங்கல.”

“மோட்டார் எவ்வளவு பெருசு?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உட்காருங்க, மாப்பிள்ளை.”