சட்டி பட்ட விரிசல்

பிளம்பர் புது டைல்ஸ் மேல் குப்புறப் படுத்து, கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டிருந்தான். கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி, சட்டைப் பொத்தான் டைல்ஸைக் கீறிவிடப் போகிறது என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி படுத்தான்.

பாத்ரூமைப் புதுப்பித்து முடித்த மூன்றாம் நாள், கீழ்வீட்டுச் சமையலறைக் கூரையில் ஈரம் தெரிந்தது. முதலில் உள்ளங்கை அளவு, மறுநாள் முறம் அளவு. அது என்ன ஈரம் என்று புரிந்ததும் கீழ்வீட்டார் அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஏறி வந்தார்கள்.

போல்ட்டைக் கழற்றி, அவனும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கோப்பையைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் கோணியின் மேல் இறக்கினார்கள். அண்ணி அங்கே சித்தாள். அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு, அந்த வீட்டில் சோறு வேகிறது என்றால் அவள் வேலைக்குப் போவதால்தான். மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவன் இவன்.

திறந்த குழாய் வாயில் அவள் கந்தல் துணியைச் சுருட்டி அடைத்தாள். நாற்றம் அடங்கியது. கோப்பையையும் சுவர்க் குழாயையும் சேர்க்கிற கனெக்டர், ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக். அவன் அதைக் கழுவித் திருப்பினான். கழுத்தில் வட்டமாக ஒரு குழி, அதிலிருந்து நீளமாக ஒரு விரிசல். சுத்தியல் அடி. பழைய கோப்பையைக் கழற்றப் பொறுமையில்லாமல் மேஸ்திரி அடித்து உடைத்தெடுத்தது அவனுக்குத் தெரியும். ஸ்பேனர் என்பது கையில் பலமில்லாதவர்களுக்கு என்பது மேஸ்திரியின் கொள்கை. விரிசலில் வெள்ளைச் சிமெண்டைப் பூசி, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, அதே கனெக்டரை மறுபடி மாட்டியிருந்தது மட்டும் இப்போதுதான் தெரிந்தது.

யார் உடைத்தது என்று தெரிந்தாக வேண்டும் என்றார் வீட்டுக்காரர். கனெக்டரை மாற்றினால் மட்டும் போதாதாம், உடைத்த ஆளும் போக வேண்டுமாம். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். இடிசல் சுமந்து போகும்போது சட்டி மோதியிருக்கும், பொம்பளை ஆளு, கவனம் போதாது என்றார். குரலில் அவ்வளவு வருத்தம். தானே நம்பிவிட்டார் போலிருந்தது.

அண்ணி சிரித்துவிட்டாள். "சட்டி என் தலை மேல இருக்கு. குழா தரையில கெடக்கு. எப்படிங்க மோதும்?"

வீட்டுக்காரர் பிளம்பரிடம் திரும்பினார். "நீதானேப்பா இதுல விவரமானவன். சொல்லு, சட்டி பட்டா இப்படி விரியுமா?"

மேஸ்திரி அவன் பக்கம் பார்க்கவே இல்லை. போனைக் காதில் வைத்து, அடுத்த வேலை பதினாறு வீடு, வீட்டுக்கு ரெண்டு பாத்ரூம், பிளம்பர் ஆள் இன்னும் முடிவாகல என்று பேச ஆரம்பித்தார். போன் அடித்த சத்தம்தான் யாருக்கும் கேட்கவில்லை.

பிளம்பர் புது வாஷரை விரலால் துடைத்தான். அது ஏற்கெனவே துடைத்ததுதான்.

"விரியலாம் சார்," என்றான்.

கந்தலை உருவி எடுத்தான். வாஷருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, புதுக் கனெக்டரை ஒரே அழுத்தில் உள்ளே இறக்கினான். கோப்பையை அண்ணிதான் மறுபக்கம் பிடித்தாள். இணைப்பைச் சுற்றிக் காகிதம் விரித்து மூன்று வாளி தண்ணீர் ஊற்றினார்கள். காகிதம் காய்ந்தே இருந்தது. வீட்டுக்காரர் குனிந்து தொட்டுப் பார்த்து, வேலை என்றால் இதுதான் என்றார். மேஸ்திரி அண்ணியிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும், இருக்கிற குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் போகும்படியும் சொன்னார்.

அவள் டைல்ஸ் துண்டுகளை வாரிச் சட்டியை நிறைத்தாள். அதன் மேல் உடைந்த கனெக்டரை வைத்தாள். சும்மாட்டைச் சுற்றித் தலையில் அழுத்திக்கொண்டாள். தனியாகத் தூக்குகிற பாரமில்லை அது.

எப்போதும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"பிளம்பர் சார், ஒரு கை பிடிங்க."

பிளம்பர் குனிந்து, சட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். விளிம்பில் உருண்ட கனெக்டரை, விழுந்துவிடாமல், நடுவில் தள்ளி வைத்தான்.