பேன் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

லிஃப்ட் மெக்கானிக்கும் மருந்துக்கடைக்காரம்மாவும் கல்யாணம் செய்துகொண்டு ஒரே வீட்டுக்குக் குடிவந்து இருபது நாள் ஆகியிருந்தது. மெக்கானிக்கின் முதல் மனைவி இறந்து மூன்று வருடம். எட்டு வயதில் ஒரு மகள். மருந்துக்கடைக்காரம்மா விவாகரத்தானவள், அவளுக்குப் பதிமூன்று வயதில் ஒரு மகள். பெரியவர்கள் இருவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். பெண்கள் இருவரும் ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவள் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்து வந்தாள். பார்த்தால் பேன். பெரியவள் தலையிலும் இருந்தது.

"இவகிட்டேருந்துதான் எனக்கு ஒட்டிக்கிச்சு" என்றாள் பெரியவள். சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்பு என்னோடதும்மா" என்றார் மெக்கானிக். "எனக்குப் பேன் பார்க்கத் தெரியாது. அவ அம்மா போனதுக்கப்புறம் யாரும் பார்த்துவிடலை."

பெரியவள் அம்மா கையிலிருந்த பேன்சீப்பை வாங்கிக்கொண்டு, "இங்க வந்து உக்காரு" என்று சின்னவளைக் கூப்பிட்டாள். பெரியவளுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்து, அவள் கூந்தலைப் பிரித்து விரலால் தேடினாள்.

"மெதுவா அக்கா, வலிக்குது." சின்னவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பொறுத்துக்கடி. இன்னும் ரெண்டு ஈர்தான்."

மெக்கானிக் கதவோரமாகவே நின்றிருந்தார்.

"நீங்களும் வாங்க" என்றாள் பெரியவள்.

"எனக்கிருக்கிற முடியில அது எங்கேம்மா தங்கும்?" என்று பாதி வழுக்கையைத் தடவிக்காட்டினார். பெரியவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். அவர் வந்து சின்னவளுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்ப அக்கறையாகத் தேடத் தொடங்கினாள்.