இருநூற்றேழு வட்டங்கள்

பிரமாணப் பத்திரத்தில் மூன்றே பத்தி. எர்மின் அதை மூன்று தடவை படித்துவிட்டாள். மூன்று தடவையும் இரண்டாம் பத்தியில் வந்து கண் நின்றுகொண்டது.

'செஸ்டர் என்ற நாயைப் பராமரிப்பதும், அதற்குத் தினமும் இரு வேளை இன்சுலின் ஊசி போடுவதும் முழுக்க என் பொறுப்பு. மிஸ்டர் பிரெஸ்காட் ஒருநாளும் ஊசி போட்டதில்லை. அவர் நியூயார்க்கில் தங்குவது அபூர்வம்.'

அந்தச் செஸ்டர், பதின்மூன்று வயதுக் கிழட்டு லாப்ரடார், சமையலறை மேஜைக்கடியில் அவள் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சர்க்கரை வியாதி. அன்று காலை ஆறரை மணி ஊசியை அதற்குப் போட்டவர் வீட்டு முதலாளி மிஸ்டர் பிரெஸ்காட்தான்.

"ஒண்ணும் அவசரமில்ல எர்மின். வரித்துறை ஆள் நாலு மணிக்குத்தான் வர்றார். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டாப் போதும்," என்றாள் அவருடைய வக்கீல் மிஸ் டிலேனி. அவசரமில்லை என்று சொல்லிவிட்டு மணியையும் சேர்த்துச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நிற்க வேண்டும்.

"இந்த ஊசி விஷயம்..." என்று எர்மின் இழுத்தாள்.

"நாய் இங்க இருக்குல்ல? நாய் இருக்கிற இடத்துலதான் மனுஷன் இருப்பான்னு அவங்க நினைப்பாங்க. அதுக்கு ஒரு பதில் வேணும். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறபடி சொன்னாப் போதும்."

"ஞாபகம் வேற மாதிரி இருந்தா?"

மிஸ் டிலேனி பேனாவைக் காகிதத்தின் மேல் நேராக வைத்தாள். "அவர் இதுல தோத்தா இந்த வீட்டை வித்துடுவார். வீடே இல்லன்னா, வீட்டு வேலை எங்க இருக்கும்? அதை மட்டும் யோசிங்க."

மிரட்டல் இவ்வளவு சுத்தமாக இஸ்திரி போட்டு வந்து எர்மின் பார்த்ததில்லை. அவளுக்கு அறுபத்து மூன்று வயது. கிரெனடாத் தீவிலிருந்து வந்து முப்பது வருஷம்; இந்த வீட்டில் பதினொன்று. இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டால் ஓய்வுக்கு ஒரு தொகை தருவதாக மிஸ்டர் பிரெஸ்காட் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறுகிறவரும் அல்ல. அதுதான் சங்கடமே.

விஷயம் இதுதான். மிஸ்டர் பிரெஸ்காட் காகிதத்தில் ஃப்ளோரிடாக்காரர். அங்கே மாநில வருமான வரி கிடையாது. நியூயார்க்கில் வீடு வைத்துக்கொண்டு வருஷத்தில் நூற்று எண்பத்து மூன்று நாளுக்கு மேல் இங்கே கழித்தால், சம்பாதித்ததற்கெல்லாம் இந்த மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டும். ஒரு மணி நேரம் வந்து காபி குடித்துவிட்டுப் போனாலும் அது ஒரு முழு நாள்தான். போன வருஷம் நூற்று எழுபத்தொரு நாள்தான் இங்கே இருந்ததாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். நடுவில் நிற்பது நாற்பது லட்சம் டாலர்.

நியாயமாகச் சொல்வதானால், சட்டப் புத்தகத்தில் அவருக்குத்தான் வரி வீதம் அதிகம், எர்மினுக்குக் குறைவு. ஏணியை அழகாகத்தான் சாத்தி வைத்திருக்கிறார்கள். உச்சிப் படியில் நிற்பவர் மட்டும் விமானம் ஏறிப் பறந்துவிடலாம். கீழ்ப்படிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. எர்மின் எந்த ஊரில் வாழ்கிறாள் என்று யாரும் விசாரித்ததே இல்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே மாநிலம் தன் பங்கை எடுத்துக்கொண்டுவிடும். மூன்று வருஷம் முன்பு சனிக்கிழமைகளில் குழந்தை பார்த்துக்கொண்ட கூலியைக் கணக்கில் காட்ட மறந்துவிட்டாள். கடிதம் வந்தது. அறுநூற்றுப் பதினாலு டாலரும் அபராதமும். தப்பு அவளுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்டி முடிக்கிற வரை ஐந்து மாதம் இறைச்சி வாங்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

மத்தியானம் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ப்ரூக்ளினில் இருக்கும் தங்கை கிளெட்டாவுக்குப் போன் போட்டாள்.

"போட்டுத் தொலைச்சிட்டு வாக்கா," என்றாள் கிளெட்டா. "நாய்க்கு யாரு ஊசி குத்தினா யாருக்கு என்ன? நாயா வந்து சாட்சி சொல்லப் போவுது?"

"பொய்னு தெரிஞ்சா குற்றம்னு அதுலயே போட்டிருக்குடி."

"அதெல்லாம் பயமுறுத்தறதுக்கு. உன் வாடகைய வரித்துறையா குடுக்கும்? பெரிய மனுசங்க சண்டையில நீ எதுக்குப் போயி நடுவுல நிக்கற?"

"நான் எங்கடி நின்னேன்? அவங்கதான் கொண்டாந்து நிக்க வெச்சிருக்காங்க."

"ரெண்டு வருசம்க்கா," என்றாள் கிளெட்டா. "ரெண்டே ரெண்டு வருசம்."

போனை வைத்துவிட்டு எர்மின் சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குப் போனாள். கதவின் உட்பக்கம் ஓர் ஆணி. அதில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள்கள், பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் ஒரு பேனா. செஸ்டருக்கு ஒரு தடவை இரட்டை ஊசி விழுந்து உயிர் போகப் பார்த்ததிலிருந்து மிருக வைத்தியர் போட்ட சட்டம் அது. ஊசி போட்டவர் உடனே குறிக்க வேண்டும். எர்மின் போட்டால் ஒரு கோடு. மிஸ்டர் பிரெஸ்காட் போட்டால் ஒரு வட்டம். ஒன்றாம் தேதி தவறாமல் அந்த மாதத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்தியருக்கு அனுப்பிவிடுவாள். அவர் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது அதைப் பார்த்துத்தான்.

அவர் ஊரில் இருந்தால் காலை ஊசி அவருடையது. அன்று எர்மின் எட்டு மணிக்கு வந்தால் போதும். அவர் இல்லாத நாட்களில் ஆறரைக்கு இங்கே நிற்க வேண்டும். அதற்கு ப்ரூக்ளினில் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். அதனால் அவர் இருந்த நாட்களை அவள் உடம்பே எண்ணி வைத்திருந்தது. இருந்தாலும் விரலை வைத்துத் தாள் தாளாக எண்ணினாள். போன வருஷத்தில் வட்டம் விழுந்த நாட்கள் இருநூற்றேழு.

வக்கீலின் ஆட்கள் ஒரு வாரமாக வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்திருந்தார்கள். நாட்குறிப்பு, உணவக ரசீது, கோல்ஃப் மன்றத்துச் சீட்டு எல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறிப் போய்விட்டன. சாமான் அறைக் கதவை யாரும் திறக்கவில்லை. அரிசியும் மாவும் இருக்கிற இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை?

"என்ன பண்றீங்க எர்மின்?"

மிஸ்டர் பிரெஸ்காட் வாசலில் நின்றார். கையில் செஸ்டருக்கான பிஸ்கட். அவள் விரல் இன்னும் தாளின் மேல் இருந்தது. அந்த விரலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வட்டங்களைப் பார்த்தார். தினமும் தூக்கக் கலக்கத்தில் தான் போட்டவற்றை அவர் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் வெளுத்துவிட்டது.

"கடவுளே," என்றார் மெதுவாக. "இதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல, மிஸ்டர் பிரெஸ்காட்."

"எடுத்துடுங்க. குப்பையில போட வேண்டாம். படிக்கிற ரூம்ல மெஷின் இருக்கு, அதுல குடுத்துடுங்க."

பதினொரு வருஷத்தில் அவர் சொன்ன வேலை எதையும் அவள் மறுத்ததில்லை.

"உங்க கையால எடுங்க," என்றாள்.

அவர் ஆணியிலிருந்து தாள்களைக் கழற்றிக்கொண்டு போனார். படிக்கும் அறையிலிருந்து காகிதம் துண்டு துண்டாகும் சத்தம் வந்தது. சத்தம் நிற்கும் வரை செஸ்டர் காதை உயர்த்திக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு வந்த வரித்துறைக்காரர் பெயர் குவான். ஐம்பது வயதிருக்கும். நனைந்த காலணிகளை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு உள்ளே வந்தார். அறை அறையாகப் பார்த்தார். அதிகம் கேட்கவில்லை. கடைசியில் சமையலறைக்கு வந்தார். மேஜையில் பத்திரம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. மிஸ் டிலேனி எர்மினைப் பார்த்த பார்வையில் சூடு இருந்தது.

குவான் குளிர்பெட்டியைத் திறந்தார். இன்சுலின் குப்பியை எடுத்துச் சீட்டைப் படித்தார். "ரெண்டு வேளை. யாருக்கு?"

"நாய்க்கு," என்றாள் மிஸ் டிலேனி. "எல்லாம் எர்மின் பொறுப்பு. பிரமாணப் பத்திரம் தயாரா இருக்கு, கையெழுத்துதான் பாக்கி."

"சரி." அவர் சாமான் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பும்போது கதவின் பின்புறம் கண் போயிற்று. வெறும் ஆணி. பக்கத்தில் நூலில் ஆடிக்கொண்டிருக்கும் பேனா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் காம்பை மறந்துவிட்டார்.

"இங்க எதுக்குப் பேனா?"

"மளிகை லிஸ்ட் எழுத," என்றாள் மிஸ் டிலேனி.

"நான் இவங்களைக் கேட்டேன்." குவான் எர்மினிடம் திரும்பினார். "எதுக்கும்மா?"

ஆமாம் மளிகைதான் என்று சொன்னால் போதும். ஒரு சொல். ரெண்டே ரெண்டு வருசம். மிஸ்டர் பிரெஸ்காட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செஸ்டர் எழுந்து போய் அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டது. அவர் கை தன்னால் இறங்கி, அது சொறியச் சொல்லும் இடத்தை, இடது காதுக்குப் பின்னால், சரியாகச் சொறிந்தது. பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்துக் கையை இழுத்துக்கொண்டார்.

அந்த இழுப்பைத்தான் எர்மினால் தாங்க முடியவில்லை. பணத்துக்காக மனிதர் பொய் சொல்வார், அது உலக வழக்கம். தன் நாயைத் தொடவும் பயப்பட வேண்டிய அளவுக்கா?

"ஊசி போட்டா அடையாளம் வைக்க," என்றாள். "இந்த ஆணியில தாள் இருந்துச்சு."

"எர்மின்," என்றாள் மிஸ் டிலேனி.

"யாரு போடுவாங்க?" என்றார் குவான்.

"நான் போட்டா கோடு. அவர் போட்டா வட்டம்."

"தாள் எங்க?"

"பழசு," என்றார் மிஸ்டர் பிரெஸ்காட். "குப்பைக்குப் போயிருக்கும்."

குவான் தலையசைத்தார். இந்த மாதிரிக் குப்பைகளை அவர் நிறையப் பார்த்திருப்பார். குறிப்பேட்டை மூடப் போனார்.

"ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி மிருக டாக்டருக்குப் போட்டோ அனுப்புவேன்," என்றாள் எர்மின். "ரெண்டு வருசமா. அவர்கிட்ட எல்லாம் இருக்கும்."

மிஸ்டர் பிரெஸ்காட் நிமிர்ந்தார். "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே. டாக்டர்கிட்ட ஒருதடவ கூட நீங்க வந்ததில்ல. கூட்டிட்டுப் போறது நான்தானே."

குவான் வைத்தியரின் பெயரை எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டு, ஈரக் காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டு போனார். மிஸ் டிலேனி பத்திரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். போகும்போது எர்மினிடம் விடை சொல்லவில்லை.

"எவ்வளவு போகும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் மிஸ்டர் பிரெஸ்காட். குரல் உயரவில்லை. "இந்த ஊருக்கு நான் இருபது வருஷம் கட்டியிருக்கேன். நான் ஒருத்தன் கட்டினது, இந்தத் தெருவுல வேலை பாக்கிற அத்தனை பேரும் ஆயுசுக்கும் கட்டறதை விட ஜாஸ்தி. போதும்னு நினைச்சேன். அது தப்பா?"

"எனக்கும் போதும்னுதான் இருக்கு," என்றாள் எர்மின். "எனக்கு நிறுத்தத் தெரியல. இதே ரோடு, இதே ரயில், இதே ஆம்புலன்ஸ்தானே ரெண்டு பேருக்கும். நீங்க இங்கதான் இருந்தீங்க, மிஸ்டர் பிரெஸ்காட். நான் எட்டு மணிக்கு வந்த நாளெல்லாம் நீங்க இங்க இருந்தீங்க."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்கு வர வேண்டாம்."

எதிர்பார்த்ததுதான். கோட்டை எடுத்து மாட்டினாள், பொத்தான் போட்டாள், கிளெட்டாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது கண் எரிந்தது. அவள் கைப்பையைத் தேடும்போது செஸ்டர் சாமான் அறைக் கதவருகே போய் நின்று ஒரு தடவை குரைத்தது. மணி ஆறரை.

மிஸ்டர் பிரெஸ்காட் குளிர்பெட்டியைத் திறந்தார். குப்பியை உள்ளங்கையில் உருட்டினார், அளவாக இழுத்தார், பிடரித் தோலைக் கிள்ளி நொடியில் போட்டு முடித்தார். பழகிய கை. செஸ்டர் அசையவில்லை.

எர்மின் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து ஆணியில் குத்தினாள். தேதி எழுதினாள். காலை, மாலை என்று கோடு கிழித்தாள்.

"டாக்டருக்கு இது வேணும்," என்றாள். "இனிமே நீங்கதான் அனுப்பணும். மறந்துடாதீங்க, அளவு தப்பினா இது தாங்காது."

நூலில் தொங்கிய பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"போடுங்க, மிஸ்டர் பிரெஸ்காட். இன்னைக்கும் ஒரு நாள்தான்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் பேனாவை வாங்கினார். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இரண்டு வட்டம் போட்டார். அதைப் பார்த்துவிட்டு எர்மின் லிஃப்டுக்குப் போனாள்.