ஏழாம் எண் பெட்டி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, தங்கச்சியிடமிருந்து எடுத்தது. புதன்கிழமை அவள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடித்ததும், எழுதக் கூடாது என்றாள்.

"எழுதினா என் வேலை போயிடும்ணே."

"யாருன்னு தெரியாத மாதிரி எழுதறேன்."

"நீ எழுதறத யாரும் படிக்கறதில்ல. அந்த ஒரு தைரியந்தான் எனக்கு."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழையாக...'

மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்தது: 'மந்தையை ஓட்டிச் செல்லும் ஒருத்தியைப் போல அவள்...'

இதுவும் பொய். மந்தை ஓட்டுகிறவள் நடப்பாள். இவள் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் இருக்கிறாள். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் ஓர் ஏஜென்ட் கிளம்பும். (ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை. சொன்ன வேலையைத் தானே யோசித்துச் செய்கிற நிரல்.) அதை அப்படியே அவிழ்த்துவிட மாட்டார்கள். கணினிக்குள் ஓர் அடைப்புக் கட்டி, அதற்குள்தான் விடுவார்கள். சாண்ட்பாக்ஸ் என்பது அதன் பெயர். அலுவலகத்தில் பெட்டி என்பார்கள். உள்ளே எதை உடைத்தாலும் வெளியே சேதம் இல்லை. முக்கியமாக எதையாவது செய்வதற்கு முன் ஏஜென்ட் அனுமதி கேட்கும். படித்துப் பார்த்து 'சரி' என்று தட்ட வேண்டும். பன்னிரண்டு பெட்டிகள், நாளுக்கு நானூறு சரி.*

3

ஏழாம் பெட்டிக்குக் கொடுத்த வேலை சின்னது. கிடங்கின் வாசலைத் திறக்கும் அட்டைகளின் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்க வேண்டும். பட்டியலின் நகலைத்தான் பெட்டிக்குள் இணைக்க வேண்டும். தங்கச்சி அசலை இணைத்துவிட்டாள். அடைப்பு அடைப்புதான், ஆனால் அதற்குள் தள்ளியதே அசல்.

ஏஜென்ட் அவளிடம் கேட்டது: ஒரு மாதத்துக்கு மேல் வராதவர்களையும் நீக்கவா?

சரி.

பதினோரு பேர் போனார்கள். எல்லோரும் வேலையில் அடிபட்டு விடுப்பில் இருந்தவர்கள். செவ்வாய் காலை, மாவுக்கட்டு பிரித்து முதல் நாள் வேலைக்கு வந்த ஓர் அம்மாவுக்கு வாசல் திறக்கவில்லை.

"லிஸ்ட்ல உங்க பேரே இல்லையேம்மா," என்றார் காவலாளி.

"எட்டு வருஷமா இந்த வாசல்லதானே நுழையறேன். என்னைத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும்மா. மெஷினுக்குத் தெரியலையே."

வெயிலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். மதியம் பட்டியலைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் மேலாளருக்கு ஓர் ஆள் வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியணும். அந்த ஆள் இங்க இருக்க மாட்டார்," என்றார்.

4

தங்கச்சிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர் உண்டு. வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு 'மௌனம்' என்று பெயர். அந்த வேலையைக் கொடுத்த அன்று தங்கச்சியின் கணினி மக்கர் செய்ததால், அவர் எழுந்து போயிருந்த நேரத்தில் அவருடையதிலிருந்துதான் ஏழாம் பெட்டியைக் கிளப்பினாள். எனவே மேலாளரின் பதிவேட்டில் அவர் பெயர் வந்துவிட்டது. ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்.

மௌனம் சண்டை போட்டிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். அவர் தங்கச்சியிடம் சொன்னது இது:

"நான்தான் பண்ணியிருப்பேன் போலம்மா. ஞாபகம் இல்ல. தட்டற நானூறுல எது எந்த சரின்னு யாரு கண்டா? பொண்டாட்டி பேரக் கேட்டாக்கூட சரின்னுதான் கை போகுது."

[இந்த இடத்தில் அவர் மனைவியைப் படுக்கையில் கிடக்கும் நோயாளி ஆக்கி ஒரு பத்தி எழுதினேன். வெட்டிவிட்டேன். அந்த அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். ஒருவருக்கு அநியாயம் நடக்கிறதென்று காட்ட வீட்டில் நோயாளி வேண்டியதில்லை.]

ஏஜென்டை வில்லனாக்கவும் பார்த்தேன். ஒட்டவில்லை. அது கேட்டுத்தான் செய்தது.

வேலையைக் கொடுத்தது யார் என்பது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கட்டளையின் முதல் வரியில் தங்கச்சி தன் பெயரைத் தட்டியிருக்கிறாள். அந்த வரி ஏழாம் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிகள் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தாமாகவே அழிந்துவிடும். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

5

முடிவு, ஒன்று: அந்த வரியைப் பிரதியெடுத்து மேலாளரின் மேசையில் வைக்கிறாள். அவர் அவளை மன்னித்து... மாட்டார். பதினோரு வருடம் மூட்டை தூக்கியிருக்கிறேன். அப்படி ஒரு மேலாளரைப் பார்த்ததில்லை.

முடிவு, இரண்டு: ஆறு மணி அடிக்கிறது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

6

இன்று வெள்ளி. மூன்று மணிக்கு அலுவலக மாடிப்படியிலிருந்து போன் செய்தாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிவுதான் வரல."

"நல்லதா ஒண்ணு எழுதேண்ணே."

"யாருக்கு நல்லதா?"

யாரோ படியேறுகிற சத்தம் கேட்டது. பிறகு மௌனத்தின் குரல்: "இங்கதான் இருக்கியாம்மா? டீ ஆறுது, வா." வைத்துவிட்டாள்.

மணி ஐந்தரை. அவளைக் கூப்பிடப் போனை இரண்டு முறை எடுத்தேன், கீழே வைத்தேன். சொல்லிவிடு என்றால் அவள் வேலை போகும். சும்மா இரு என்று சொல்ல, அடிபட்டு வெளியே நிறுத்தப்பட்ட ஆட்களோடு வளர்ந்த எனக்கு வாய் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் அது அவளைச் சும்மா இருக்கச் சொன்னதுதான் என்று தெரிகிறது. தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன். நான் அவளுக்கு அண்ணன். நீங்கள் அவளுக்கு யாரும் இல்லை. இந்த முடிவை நீங்கள்தான் எழுத முடியும். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

----

* நானூறாவது மூட்டையின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் படித்ததில்லை.