வளராத கிருமிக்கு ஒரு கோட் எண்

மலேசியாவின் செனாவாங் ஊர்க் கிளினிக்கில் பில் போடும் பெவர்லிக்கு அன்று தகுதிகாண் காலத்தின் கடைசி நாள். வேலை நிரந்தரமா இல்லையா என்று மாலைக்குள் மேனேஜர் ஹேமநாதன் சொல்லிவிடுவார். அன்றைக்கென்று பார்த்து மாயாண்டி வந்து நின்றார். தொழிற்சாலைக் காவலாளி, போன வாரம் சிறுநீர்ச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்.

கிருமி எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய தாளில், அந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் சோதித்ததாக இருக்கிறதாம். அதைப் படித்த அவர் மனைவி மாரியம்மா தனித் தட்டு, தனி டம்ளர், ஹாலில் தனிப் பாய் என்று அவரை ஒதுக்கி நான்கு நாளாகிறது.

"இல்லாத கிருமிக்கு யாரும்மா மருந்து தேடுனது?" என்றார். "ஒண்ணும் இல்லன்னு சாப் அடிச்சு ஒரு லெட்டர் குடுலா. நான் வாயால சொன்னா அவ நம்ப மாட்டா."

பெவர்லி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கிருமி வளர்கிறதா என்று பார்க்கப் பில்லில் ஒரு கோட் எண். வளர்ந்தால் மட்டுமே மருந்துச் சோதனை, அதற்கு இன்னொன்று. வளருமா என்று தெரியவே இரண்டு நாளாகும். அவளோ, ஷிப்ட் பஸ் இறக்கிவிடும் கூட்டத்தைச் சமாளிக்க, சிறுநீர்ப் புட்டி கைக்கு வந்ததுமே இரண்டையும் தட்டிவிடுவாள். படிவத்தில் ஒரே கட்டத்தில் இருந்ததால், இரண்டும் புருஷன் பெண்டாட்டிபோல எங்கும் சேர்ந்தே போகும் என்று நினைத்திருந்தாள்.

கடிதத்தில் சாப், அதாவது கிளினிக் முத்திரை, மேனேஜர்தான் அடிக்கவேண்டும். 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று எழுதினாள். பாவம், அது என்ன செய்யும் என்று அழித்துவிட்டு, தவறு தன்னுடையது என்று எழுதினாள். மூன்று மாதப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாயாண்டியைத் தவிர, வளராத கிருமிக்கு மருந்துச் சோதனை பதிவானவர்கள் இன்னும் நாற்பத்தொரு பேர்.

ஹேமநாதன் கடிதத்தில் சாப் அடித்தார். பட்டியலைப் படித்துக்கொண்டே போனவர், பன்னிரண்டாவது பெயரில் நின்றார். அது அவருடைய பெயர்.

"எனக்கும் ஒண்ணும் இல்லயா?"

"இல்ல சார்."

அதேபோல் ஒரு தாள் தனக்கும் வந்ததிலிருந்து, டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, கிருமி போகட்டும் என்று மூன்று வாரமாக வேளை தவறாமல் பார்லித் தண்ணீர் குடித்துவந்தவர், மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்துக் குப்பைத்தொட்டிக்குள் வைத்தார்.

"திங்கக்கெழம வந்து கன்பர்மேஷன் லெட்டர் வாங்கிக்க. அதுக்குள்ள இவங்க எல்லாருக்கும் நீயே போன் பண்ணிச் சொல்லிரு."

"நாப்பத்தொரு பேருக்குமா, சார்?"

"நாப்பது," என்றார் ஹேமநாதன்.